துணைத் தீயணைப்புக்கு ஆள் எடுப்பு: வண்டியில் நாலு பேர் ஏற, எத்தனை பேரைப் பதிய வேண்டும்?

#1 வாளிவரிசை

புதிதாகத் தொடங்கும் துணைத் தீயணைப்புப் பிரிவு. ஒரு வண்டி, தூக்கிச் செல்லும் பம்ப் ஒன்று. வண்டி கிளம்பக் குறைந்தது நாலு பேர் வேண்டும். எல்லாரும் தன்னார்வலர்கள், பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். எச்சரிக்கை, வெளியேற்றம், தங்குமிடம் போன்றவற்றைப் பார்க்கும் குடிமைப் பாதுகாப்புப் பிரிவுக்கும் இதே அறிவிப்பில்தான் ஆள் வரப்போகிறது.

மூன்று கேள்விகள். எத்தனை பேரைச் சேர்ப்பது? மருத்துவம், உடல்தகுதி, பயிற்சி இவற்றில் எது முதலில்? சேர்ந்தவர்கள் ஏன் நிற்பதில்லை? "ஆர்வம் இருந்தால் போதும்" வகைப் பதில் வேண்டாம். கணக்கோடு சொல்லுங்கள்.

#2 கையேணி

எல்லா இடத்திலும் போடும் தப்புக் கணக்கு இது: "அழைத்தால் ஒருவர் வர 30 சதவீத வாய்ப்பு. நாலு பேர் வேண்டும். 4-ஐ 0.3-ஆல் வகுத்தால் 13." 13 பேர் இருந்தால் சராசரியாக நாலு பேர் வருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் சராசரி வந்து வண்டியில் ஏறாது. 13 பேரில் நாலு பேரோ அதற்கு மேலோ வர வாய்ப்பு 58 சதவீதம்தான். பத்து அழைப்பில் நாலு தடவை ஆள் பற்றாமல் வண்டி நிற்கும். 20 பேர் இருந்தால் அது 89 சதவீதம், 22 பேர் இருந்தால் 93. அந்தக் கூடுதல் ஏழெட்டுப் பேர்தான் பிரிவுக்கும் பெயர்ப் பலகைக்கும் உள்ள வித்தியாசம்.

இதிலும் பெரிய பொறி ஓட்டுநர். 20 பேரில் மூன்று பேருக்குத்தான் அந்த வண்டியை ஓட்டும் உரிமம் இருக்கிறது என்றால், அழைக்கும்போது அவர்களில் ஒருவராவது வர 66 சதவீதம். பதினைந்து பேர் ஓடி வந்து ஷெட் வாசலில் நின்றாலும் சாவி கொடுக்க ஆள் இல்லை. ஏழு ஓட்டுநர் இருந்தால் 92 சதவீதம். பம்ப் இயக்குபவருக்கும், முன்நின்று நடத்தும் பொறுப்பாளருக்கும் இதே கணக்குதான். ஆகவே ஒருவருக்கு இரண்டு தகுதி என்று போனால்தான் கட்டும்.

இந்தச் சதவீதமெல்லாம் ஒருவர் வருவதற்கும் இன்னொருவர் வருவதற்கும் தொடர்பில்லை என்று வைத்துப் போட்டது. இருபதில் பன்னிரண்டு பேர் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் இருந்தால் கணக்கு செல்லாது. எல்லாரும் சேர்ந்து வருவார்கள், இல்லையென்றால் ஒருவரும் வரமாட்டார்கள். ஏழு நாள், நாளுக்கு ஆறு மணி நேரமாக நாலு கட்டம், மொத்தம் 28 கட்டம் போட்ட தாளை விண்ணப்பத்தோடு கொடுங்கள். எந்தக் கட்டத்தில் உறுதியாக வர முடியும் என்று அவர்களே டிக் அடிக்கட்டும். எல்லாத் தாளையும் ஒன்றாகச் சேர்த்தால் ஓட்டை தெரியும். பெரும்பாலும் வேலை நாள் காலை முதல் மாலை வரை காலியாகக் கிடக்கும். அடுத்த அறிவிப்பு அந்த ஓட்டைக்கு மட்டும்: இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், பக்கத்திலேயே கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள்.

#3 மணிக்கூண்டு

கேள்வி மூன்றுக்கு. ஆள் நிற்காத காரணத்தை மைதானத்தில் தேடுவதற்கு முன் அலுவலக மேசையில் தேடுங்கள். விண்ணப்பம் கொடுத்த நாளுக்கும் முதல் தடவை ஹோஸைத் தொட்ட நாளுக்கும் நடுவே எத்தனை நாள்? பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகு மருத்துவர், அதற்குப் பிறகு சீருடை அளவு, அதற்கும் பிறகு அடையாள அட்டை என்று வரிசையில் நிறுத்தினால் மாதக்கணக்கில் இழுக்கும். கடைசிக் காகிதம் வந்து சேரும்போது ஆள் வேறு எதிலாவது சேர்ந்திருப்பார். நாலையும் ஒரே நாளில் தொடங்குங்கள். இரண்டு நாளுக்குள் ஒரு போன், ஒரு வாரத்துக்குள் முதல் மாலைக்கு அழைப்பு.

காகிதம் முடியாத ஆளை எப்படி உள்ளே விடுவது என்று கேட்பீர்கள். சம்பவ இடத்துக்கு விடக்கூடாது. தண்ணீர் ஏற்றாமல் ஹோஸ் விரிப்பது, முடிச்சு, பொம்மையில் நெஞ்சழுத்தம், ரேடியோவில் செய்தி வாங்கித் திருப்பிச் சொல்வது, இவற்றுக்கு எந்தச் சான்றும் தேவையில்லை.

அறிவிப்பிலேயே சலிப்பான பகுதியைச் சொல்லிவிடுங்கள். "வீரர்களே வாருங்கள்" என்று எழுதினால் நெருப்பைக் கற்பனை செய்துகொண்டு வருவார்கள், ஆறாவது வாரம் ஈர ஹோஸைத் தேய்த்துக் காயப்போடும்போது கிளம்பிவிடுவார்கள். "வாரம் ஒரு மாலை 2 மணி நேரம், மாதம் ஒரு நாள் 4 மணி நேரம், முதல் 6 மாதம் எரியும் கட்டடத்துக்குள் போக முடியாது, கருவி கழுவுவதும் வேலைதான்." இப்படி எழுதினால் விண்ணப்பம் குறையும். குறையட்டும்.

#4 வாளிவரிசை

28 கட்டத் தாளை எடுத்துக்கொண்டேன். உடல்தகுதிக்கு என்ன அளவு வைப்பது? ஓட்டப் பந்தயம் வைக்கலாமா?

#5 தாரைமுனை

ஓட்டம் வேண்டாம். வேகமாக ஓடுபவர் பாரம் தூக்குவார் என்று எந்த உறுதியும் இல்லை.

காட்டுத்தீப் பணிக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் பாரநடை நல்ல அளவுகோல், மைதானமும் பையும் போதும். கடும் பணிக்கு 20.4 கிலோ சுமந்து 4.8 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் நடக்க வேண்டும். நடுத்தரப் பணிக்கு 11.3 கிலோ, 3.2 கிலோமீட்டர், 30 நிமிடம். இலகுவான பணிக்குச் சுமை இல்லாமல் 1.6 கிலோமீட்டர், 16 நிமிடம். ஓடக்கூடாது. இந்த மூன்று படிதான் இதில் முக்கியம். ரேடியோ மேசையில் உட்காரப் போகிறவரை 20 கிலோ சுமக்கச் சொல்லி விரட்டாதீர்கள்.

கட்டடத் தீக்கு மேலுடம்பு வலுவும் வேண்டும். ஏன் என்று எடையைப் பார்த்தால் புரியும். 45 மில்லிமீட்டர் விட்டம், 25 மீட்டர் நீளமுள்ள ஹோஸில் தண்ணீர் நிரம்பினால் தண்ணீர் மட்டும் 40 கிலோ. 70 மில்லிமீட்டர் ஹோஸ் என்றால் 96 கிலோ. காலி ஹோஸை ஒரு கையில் சுற்றிக்கொண்டு ஓடியவர், தண்ணீர் ஏறியதும் மாடிப்படித் திருப்பத்தில் அதை அசைக்க முடியாமல் நிற்பார்.

அடுத்தது நாசில் பின்னுதைப்பு, அதாவது ஹோஸ் முனைக் குழலிலிருந்து (நாசில்) தண்ணீர் சீறும்போது அது பிடிப்பவரைப் பின்னால் தள்ளும் விசை. நேர்த்தாரைக்கு நியூட்டனில் கணக்கு: 0.157 பெருக்கல் அழுத்தம் (பாரில்), பெருக்கல் நாசில் விட்டத்தின் வர்க்கம் (மில்லிமீட்டரில்). 7 பாரில் 12 மில்லிமீட்டர் நாசில் 158 நியூட்டன், ஏறக்குறைய 16 கிலோ தள்ளுவது மாதிரி. ஒருவர் சமாளிப்பார். அதே அழுத்தத்தில் 20 மில்லிமீட்டர் என்றால் 440 நியூட்டன், 45 கிலோ. இதற்கு இரண்டு பேர் கட்டாயம், பின்னால் நிற்பவர் ஹோஸைத் தன் உடம்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். புதியவரிடம் தனியாகக் கொடுத்தால் நாசில் கையை விட்டுப் போய்ப் பாம்பாகச் சுழலும். உலோக நாசில் முகத்தில் அடித்தால் எலும்பு உடையும்.

ஆகவே தேர்வு வேலையைப் போலவே இருக்கட்டும்: இரண்டு ஹோஸ் சுருளை 50 மீட்டர் தூக்கிப் போவது, தண்ணீர் நிரம்பிய 45 மில்லிமீட்டர் ஹோஸை 15 மீட்டர் இழுப்பது, ஏணியை இருவராக நிமிர்த்துவது, 70 கிலோ பொம்மையை 20 மீட்டர் பின்னோக்கி இழுப்பது. வரிசை இதுவேதான் என்றில்லை. உங்களிடம் உள்ள கருவியை வைத்து நேரத்தை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

#6 நாடித்துடிப்பு

#5-ல் உள்ள எடையெல்லாம் சரி. முதல் படியை விட்டுவிட்டார். அந்த 20 கிலோவை முதுகில் ஏற்றுவதற்கு முன் ரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பாளர்களில் அதிகம் பேரைக் கொண்டுபோவது திடீர் மாரடைப்புதான், தீக்காயம் இல்லை. நாற்பது தாண்டிய, உட்கார்ந்தே வேலை பார்க்கும் தன்னார்வலரைத் தகுதித் தேர்வே சாய்த்துவிடலாம். கேள்வித்தாள் (நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், வலிப்பு, எடுத்துக்கொள்ளும் மாத்திரை), ரத்த அழுத்தம், மருத்துவர் கையெழுத்து, பிறகுதான் பாரநடை.

தடுப்பூசியைச் சேர்ந்த அன்றே தொடங்குங்கள். ஹெபடைடிஸ் பி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். இதைப் பயிற்சி முடிந்த பிறகு போடலாம் என்று வைத்தால், முதலுதவியும் மீட்பும் கற்று முடித்த ஆள் ரத்தம் படும் இடத்துக்குப் போக முடியாமல் இன்னும் அரை வருடம் காத்திருப்பார். டெட்டனஸ் விவரத்தையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வெயில். முழுத் தீயாடை வியர்வையை ஆற விடாது. புதியவர்களுக்கு 20 நிமிட வேலை, பிறகு கோட்டைக் கழற்றி நிழலில் ஓய்வு, முன்கை இரண்டையும் முழங்கை வரை குளிர்ந்த தண்ணீரில் வைப்பது. தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டுக் கோட்டோடு உட்கார்ந்திருப்பது ஓய்வு இல்லை. பேச்சு குழறினாலோ, சொன்னதைச் செய்யாமல் வெறித்துப் பார்த்தாலோ அன்றைய பயிற்சி அவருக்கு முடிந்தது. உடனே குளிர்விக்க வேண்டும்.

#7 தாரைமுனை

ஏற்றுக்கொள்கிறேன். மருத்துவம் முதலில், பாரநடை இரண்டாவது.

#8 பழைய_ஏடு

ஆள் நிற்பதில்லை என்ற கேள்விக்குச் சரித்திரத்தில் பெரிய உதாரணமே இருக்கிறது. பிரிட்டனில் 1937-ல் வான்தாக்குதல் முன்னெச்சரிக்கைச் சட்டம் வந்தது, 1938-ல் துணைத் தீயணைப்புப் படைக்கு ஆள் எடுத்தார்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. முழுநேரத்துக்கு வந்த ஆண்களுக்கு வாரம் 3 பவுண்டு. பிறகு மாதக்கணக்கில் குண்டே விழவில்லை. சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்கள் என்று கேலி கிளம்பியது, பலர் விலகிப் போனார்கள். 1940 செப்டம்பரில் லண்டன் எரியத் தொடங்கியபோதுதான் அந்த ஆட்களின் அருமை தெரிந்தது. வேலையில்லாத மாதங்களில் சலித்துப் போனவர்களும் அப்படி விலகியவர்களில் உண்டு. உங்கள் பிரிவுக்கும் அமைதியான மாதங்கள் வரும். அதற்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்?

இன்னொரு பாடம், ஆளைப் பற்றியதல்ல. ஒரு நகரத்துக்கு உதவிக்குப் போன வேற்றூர் வண்டிகளின் ஹோஸ் கப்ளிங் (ஹோஸ் முனையில் உள்ள இணைப்பு வளையம்) அந்த ஊர் ஹைட்ரன்ட்டோடு (தீயணைப்புக்குத் தண்ணீர் எடுக்கும் தெருக்குழாய்) பொருந்தவில்லை. பதவிப் பெயர்களும் கட்டளைகளும் ஊருக்கு ஒரு விதம். 1941 ஆகஸ்டில் எல்லாவற்றையும் ஒரே தேசியத் தீயணைப்புப் படையாக இணைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். முதல் வாரமே பக்கத்து நிலையத்து கப்ளிங்கோடு உங்களுடையதைச் சேர்த்துப் பாருங்கள். சேரவில்லை என்றால் இரண்டையும் பொருத்தும் அடாப்டர் ஒன்றுக்கு இரண்டாக உங்கள் வண்டியிலேயே கிடக்கட்டும்.

#9 வாளிவரிசை

அமைதியான மாதத்துக்கு என்ன வேலை என்பதற்கு யாராவது பயிற்சி வரிசை சொல்லுங்கள். பம்ப் தண்ணீர் இழுக்கவில்லை என்ற புகார்தான் எல்லா இடத்திலும் கேட்கிறேன்.

#10 கையேணி

முதல் மூன்று மாதத்தில் முகமூடியோடு புகைக்குள் அனுப்புவதை மறந்துவிடுங்கள். ஹோஸ், ஏணி, முடிச்சு, பம்ப், முதலுதவி, செய்தி. இவ்வளவுதான். இரண்டு மணி நேர மாலையில் கால் மணி சரிபார்ப்பு, ஒன்றரை மணி கையால் வேலை, கால் மணி எடுத்துவைப்பு. கரும்பலகைப் பேச்சு அரை மணியைத் தாண்டினால் அடுத்த வாரம் ஆள் குறையும்.

ஏணியை உயரத்தில் கால் பங்கு தள்ளி ஊன்ற வேண்டும்: 8 மீட்டர் உயரத்தில் சாய்த்தால் அடி 2 மீட்டர் தள்ளி. ஹோஸில், கப்ளிங்கைத் தரையில் போடாதே என்பதை முதல் நாளே பழக்குங்கள். விழுந்த கப்ளிங் வட்டம் நசுங்கும், அப்புறம் தீ எரியும்போது பூட்டாது. நாசிலைப் பட்டென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் பின்னால் மோதி ஹோஸைக் கிழிக்கும், பம்பையும் கெடுக்கும். மெதுவாக மூடு என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டும்.

பம்ப் தண்ணீர் இழுக்காததற்கு வெற்றிட அளவியைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். முள் அசையவே இல்லை என்றால் எங்கோ காற்று நுழைகிறது: கப்ளிங் வாஷர் காணோம், முறுக்கு போதவில்லை, வடிகால் திருகு திறந்திருக்கிறது, டெலிவரி வால்வை (தண்ணீர் வெளியேறும் பக்க வால்வு) மூடாமல் பிரைம் செய்கிறார்கள் (பம்பிலுள்ள காற்றை வெளியேற்றித் தண்ணீரை இழுக்க வைப்பது), இல்லை உறிஞ்சு குழாய் முனையிலுள்ள வடிகட்டி தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. முள் நன்றாக ஏறியும் தண்ணீர் வரவில்லை என்றால் வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது ஆழம் அதிகம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 10.3 மீட்டர் வரைதான் தண்ணீரைத் தூக்கும். நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினால் நம்பாதீர்கள். பம்பை நீர்மட்டத்துக்கு நெருக்கமாக இறக்குங்கள். உறிஞ்சு குழாய் நடுவில் எதன்மேலாவது ஏறி இறங்கினாலும் அந்த மேட்டில் காற்று தேங்கும், தண்ணீர் கொஞ்சம் வந்து நின்றுவிடும். நல்ல பம்பை ரிப்பேருக்கு அனுப்புவது பெரும்பாலும் இந்த வாஷர் விஷயத்தில்தான்.

இந்தப் பழுதுகளை வேண்டுமென்றே வைத்து (வாஷரைக் கழற்றி, திருகைத் திறந்து) கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அமைதியான மாதத்துக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

#11 மணிக்கூண்டு

மூச்சுக்கருவி எப்போது என்ற கேள்வி எப்படியும் வரும். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அடைத்தால் ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் காகிதத்தில் 50 நிமிடம். கடும் வேலையில் புதியவர் 80 லிட்டர் இழுப்பார், பாதி நேரம்தான். எச்சரிக்கை விசில் 55 பார் அளவில் ஊதும். அது வெளியே வந்து சேர வேண்டிய நேரம், கிளம்ப வேண்டிய நேரம் இல்லை. முகமூடி விளிம்பில் தாடி பட்டால் காற்று கசியும், அதில் சமரசம் கிடையாது. தாடி வைத்திருப்பவருக்கு ஓட்டுதல், பம்ப், நீர்வரத்து, ரேடியோ என்று வேலை நிறைய இருக்கிறது. கண்ணை மறைத்த முகமூடியோடு குறுகிய சுரங்கத்தில் ஊர விடும் சோதனையை ஆரம்பத்திலேயே வைத்தால், அடைத்த இடம் ஒத்துக்கொள்ளாதவர் யார் என்று தெரிந்துவிடும். அதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

#12 மண்டலக்_காவலர்

இழை முழுக்கத் தீயிலேயே நிற்கிறது. குடிமைப் பாதுகாப்பையும் பாருங்கள். ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 முதல் கூடுதல் நெறிமுறை, 61-ஆம் பிரிவில் குடிமைப் பாதுகாப்புக்கு 15 பணிகளை எண்ணி வைத்திருக்கிறது. தீயணைப்பு அதில் ஒன்று. எச்சரிக்கை, வெளியேற்றம், தங்குமிட நிர்வாகம், மீட்பு, முதலுதவி, ஆபத்துப் பகுதியைக் குறியிடல், அவசரத் தங்கல், பயன்பாட்டு வசதிகளைச் சீர்செய்தல், இறந்தோரை அடக்கம் செய்தல் என்று பட்டியல் போகிறது. ஆரஞ்சுப் பின்னணியில் நீல முக்கோணம் இந்தப் பணிக்கான சர்வதேச அடையாளம், 66-ஆம் பிரிவு.

விண்ணப்பத்தில் "எந்தப் பணி விருப்பம்" என்று வெறுமனே கேட்டால் முக்கால்வாசிப் பேர் தீயணைப்பு என்றே எழுதுவார்கள். பணிக்கு ஒரு அட்டை போடுங்கள்: என்ன செய்ய வேண்டும், எத்தனை மணி நேரம், எந்தத் தகுதிப் படி. தெருவை வீடு வீடாக அறிந்தவர், எந்த வீட்டில் படுக்கையோடு இருக்கும் முதியவர், எங்கே எரிவாயு மூடும் வால்வு என்று சொல்லத் தெரிந்தவர், அவர் பகுதிக் காவலராக இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது. 70 வயதானாலும் சரி.

செய்தி மேசைக்கு எடுக்கும் ஆளுக்கு ஒரு சோதனை போதும்: இரைச்சலில் ஒரு செய்தி வாசியுங்கள். எங்கே, என்ன, எத்தனை பேர், என்ன அனுப்பியாயிற்று, இன்னும் என்ன வேண்டும், எத்தனை மணிக்கு. எழுதி, திருப்பி வாசிக்க வேண்டும். கேட்காததைத் தானாக நிரப்பி எழுதுபவரை மேசையில் வைக்காதீர்கள். கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கூச்சமில்லாமல் கேட்பவரை வையுங்கள்.

#13 காகிதப்புலி

பெயருக்கேற்ப காகிதம் பேசுகிறேன்.

ஒருவரே மூன்று பட்டியலில் இருப்பார். செவிலியர், ராணுவச் சேமப் படை, உங்கள் பிரிவு. பேரிடர் அன்று மூன்று இடமும் அவரையே கூப்பிடும். "அவசரத்தில் உங்களைக் கூப்பிடும் வேறு அமைப்பு எது?" என்ற ஒரு வரி விண்ணப்பத்தில் இருக்கட்டும், அப்படிப்பட்டவர்களை #2-ல் உள்ள கணக்கில் சேர்க்காதீர்கள்.

காப்பீடு எந்த நிமிடத்திலிருந்து? வீட்டிலிருந்து நிலையத்துக்கு வரும் வழியில் விபத்து நடந்தால் செல்லுமா, பயிற்சியில் அடிபட்டால் செல்லுமா, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அழைப்பு நேரம், கையெழுத்து, புறப்பாடு, திரும்பிய நேரம் உள்ள பதிவேடு இல்லாமல் எந்தக் கோரிக்கையும் நிற்காது.

முதலாளியின் ஒப்புதல் வாய்ச்சொல்லாக இருக்கக்கூடாது. ஜெர்மனியில் 1950-ல் தொடங்கிய தொழில்நுட்ப உதவிப் படை கிட்டத்தட்ட முழுவதும் தன்னார்வலர்களால் ஓடுவதற்குச் சட்டம் ஒரு காரணம்: அழைப்பு வந்தால் முதலாளி விடவேண்டும், சம்பளம் தொடரும், தனியார் நிறுவனத்துக்கு அந்தச் செலவை அரசு திருப்பித் தரும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் கடிதமாவது வேண்டும். மாதம் எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எந்த நேரத்தில் விட முடியாது என்று. கடைசி வரிதான் முக்கியம், அதை நேராக 28 கட்டத் தாளில் குறித்துவிடலாம்.

பின்னணிச் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். தீ வைக்கும் பழக்கமுள்ளவர்களைத் தீயணைப்பு வேலை ஈர்க்கும் என்பது பல நாட்டிலும் தெரிந்த விஷயம். எந்தத் தீக்கும் முதலில் வந்து நிற்கும் ஆளைப் பாராட்டுவதோடு, எப்படித் தெரிந்தது என்றும் பதிவேட்டில் பாருங்கள்.

#14 நாடித்துடிப்பு

பதிவு செய்யாமல் அன்றைக்கு வந்து நிற்கும் கூட்டத்துக்கும் திட்டம் வேண்டும். 1985 மெக்ஸிகோ சிட்டி நிலநடுக்கத்தில் பயிற்சியில்லாத மக்கள் இடிபாட்டிலிருந்து 800 பேரைக் காப்பாற்றினார்கள், அதே முயற்சியில் 100-க்கும் மேற்பட்ட மீட்பர்கள் இறந்தார்கள். வராதே என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். வரவேற்பு மேசை ஒன்று: பெயர், அவசரத் தொடர்பு, தெரிந்த தொழில், கையில் தேதி எழுதிய ஒட்டுப்பட்டை. மறுநாள் நிறம் மாற வேண்டும், இல்லாவிட்டால் நேற்றைய பட்டையோடு யார் உள்ளே இருக்கிறார் என்றே தெரியாது. பயிற்சி பெற்ற ஒருவருக்கு ஐந்து பேர், ஏழுக்கு மேல் போகக்கூடாது. இடிபாட்டுக்குள் அனுப்பாமல் வெளியே சங்கிலியாக நிறுத்திக் கல் கடத்தச் சொல்லலாம்.

#15 வாளிவரிசை

கடைசியாக ஒன்று. பூட்ஸ், கையுறை, தீயாடை எல்லாவற்றையும் முதல் நாளே ஆர்டர் போட்டுவிடலாமா? #3 படி எல்லாம் ஒரே நாளில் என்றால்?

#16 கையேணி

அளவு முதல் நாளே, ஆர்டர் பிறகு. ஆர்டர் போட்ட ஆள் இரண்டாம் மாதம் விலகினால் அந்த 44-ஆம் எண் பூட்ஸ் அலமாரியிலேயே கிடக்கும். பல அளவில் பொதுக் கிட் ஆறு வைத்துச் சுற்றில் விடுங்கள், எட்டு வாரம் தொடர்ந்து வந்தவருக்குச் சொந்தக் கிட். பூட்ஸ் அளவை வேலைக்குப் போடும் தடித்த காலுறையோடு எடுங்கள். கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு கப்ளிங்கைப் பூட்டிக் கழற்றச் சொல்லுங்கள், முடியவில்லை என்றால் அது பெரிது. பெண்களுக்கு ஆண்கள் அளவில் சின்னது என்று வாங்கினால் கையுறை விரல் நீளமாகத் தொங்கும், கோட்டின் இடுப்பு இறுகும், பூட்ஸில் குதிகால் வழுக்கும். தனி அச்சில் வருவதைக் கேட்டு வாங்குங்கள்.